என் கால்களுக்கு என்ன வயது?

"இருபத்தேழா? அட போம்மா... வண்டி எறக்கத்துல போய்க்கிட்டிருக்கு!"

தை பிறந்த புதிதில் ஒரு காலை, டவுன்ஷிப் மைதானத்தில் வைத்து என்னிடம் இப்படிச் சொன்னவர் சேவியர் மாஸ்டர். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், காதை மூடி ஒரு மஃப்ளர். மனிதர் கெட்டவர் இல்லை. மைன்ஸில் ஜெனரல் ஷிப்ட் பார்ப்பவர். விடிந்ததும் மைதானத்துக்கு வந்துவிடுவார். ஓட ஆசைப்படுகிறவர்களை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு விசில் ஊதுவார். பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. ஆள் நெய்வேலிக்காரர் ஆகிவிட்டார். நாக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை.

விஷயம் இதுதான். கடலூரில் ஓப்பன் மீட் வருகிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்கிற தடகளப் போட்டி. எங்கள் கிளப்பிலிருந்து பெண்கள் ரிலே டீம் போகிறது. நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர், கைக்குக் கை மாறும் ஒரு கட்டை. மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடம் எனக்கா, ரம்யாவுக்கா?

ரம்யா காலேஜ் படிக்கிற பெண். டவுன்ஷிப்பிலேயே பிறந்து, குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவள். பத்தொன்பது வயது. அவள் எந்த நாளில், எந்த மணியில், எந்த நிமிடத்தில் பிறந்தாள் என்பதுவரை அவளுடைய அம்மாவுக்குத் தெரியும்.

மாஸ்டர் எனக்குப் பொறுமையாகவே விளக்கினார்.

"ஸ்பிரின்ட்ல இருபத்தஞ்சு, மிஞ்சிப்போனா இருபத்தாறு. அதாம்மா உச்சம். அதுக்கப்புறம் இருக்கிற வேகத்தைப் புடிச்சு வச்சிக்கிடலாம். கூட்ட முடியாது. ரம்யா ஏறிக்கிட்டு வாரா. நீ எறங்கிக்கிட்டுப் போற. ரெண்டு பேரும் இப்ப ஒரே எடத்துல நிக்கிய. நான் யாரைப் போடட்டும்? நீயே சொல்லு... நீ கணக்கு டீச்சர்தான?"

கணக்கு டீச்சர்தான். அவர் போட்ட கணக்கில் தப்பில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால், கணக்கில் அவர் எடுத்துக்கொண்ட எண்தான் தப்பு.

"சார், அது சர்ட்டிபிகேட் வயசு. என் நெஜ வயசு அது இல்ல."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "இருபத்தஞ்சைத் தாண்டுன எல்லா பொம்பளைப் பிள்ளையளும் இதத்தாம்மா சொல்லுதாக!"

மைதானமே சிரித்தது. ரம்யாவும் சிரித்தாள். சிரித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரிக்கா" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் நான் சொன்னது சத்தியம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதன்முதலில் புத்தகப் பையைத் தூக்கியவள் நான். அப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அம்மா முந்திரித் தோப்புகளில் கூலி வேலை. இரண்டு பக்கமும் எத்தனை தலைமுறை பின்னால் போனாலும் பள்ளிக்கூடத்து மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓடியவர் ஒருவர் கிடையாது. நான் ஓடினேன். படித்தேன். டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் வேலை வாங்கினேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டுமே... யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால், பந்தயத்தில் ஓடுவது என்பது எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பள்ளியில் படிக்கும்போது பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். இப்போது நானே கணக்கு டீச்சர். இதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்!

வேலைக்குச் சேர்ந்த பிறகு, பள்ளி தொடங்குவதற்கு முன்னால் கிடைத்த காலை நேரத்தில், சும்மா நடப்பதற்காக மைதானத்துக்குப் போனேன். நடந்தேன். ஒருநாள் ஓடிப் பார்த்தேன். மாஸ்டர் தூரத்திலிருந்து கூப்பிட்டார். "கையும் காலும் நல்லா நீளமா இருக்கே... எங்கம்மா ஓடிக்கிட்டிருந்த இத்தனை நாளா?" என்று கேட்டார்.

எங்கேயும் ஓடவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. ஒரு டீமின் பனியனைப் போட்டுக்கொண்டு ஒருமுறை ஓட வேண்டும். பின்னாலிருந்து ஒருத்தி ஓடி வந்து என் உள்ளங்கையில் அந்தக் கட்டையை வைக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு பறக்க வேண்டும். போர்டில் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட என் இடது கை தானாகப் பின்னால் விரியும். பிள்ளைகள் சாக்பீஸ் கேட்கிறேன் என்று நினைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள்.

அந்த இடம் இப்போது ஒரு எண்ணால் போகப் பார்க்கிறது.

அன்றைக்கு மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மொபைலில் தேடினேன். ஓட்டக்காரர்கள் எந்த வயதில் உச்ச வேகத்தை எட்டுகிறார்கள்? ஒரு பக்கம் இருபத்தைந்து என்றது. இன்னொரு பக்கம் இருபத்தாறு. வேறொன்று, பெண்களுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்றது. எப்படிப் பார்த்தாலும் மாஸ்டர் சொன்ன இடத்தைச் சுற்றித்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.

டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் மரங்கள் அசையாமல் நின்றன. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகை, எங்கும் போக விருப்பமில்லாததுபோல வானத்தில் மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது.

உச்சம் என்று ஒன்று இருக்குமானால், ஒவ்வொருவரின் வாழ்க்கையிலும் அவர் மிக வேகமாக ஓடிய ஒரு நாள் இருந்தே ஆக வேண்டும். அந்த நாளில் ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் கால் எடுத்து வைத்த நாலைந்து எட்டு. அதற்கு முன்னால் அவ்வளவு வேகம் இல்லை. அதற்குப் பிறகும் வரப்போவதில்லை. அது நடக்கும்போது நமக்குத் தெரியுமா? காலுக்குத் தெரியுமா?

என்னுடையது எப்போது? பி.எட். படித்த வருடம் காலை பஸ்ஸைத் துரத்திக்கொண்டு, புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேனே... அன்றைக்கா? கண்டக்டர் மட்டும்தானே பார்த்தார்! அவரும் "சீக்கிரம் ஏறும்மா" என்று எரிந்து விழுந்தார். என் உச்ச வேகத்துக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதானா?

அல்லது... இனிமேல்தானா?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால் நான் பிறந்த வருடம் தெரிய வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"யம்மா, நான் நெஜமா எப்பப் பொறந்தேன்?"

அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டாள். முகமெல்லாம் வெளிச்சம். "எதுக்குடி கேக்கற? எவங்கனா ஜாதகம் கேட்டாங்களா?"

"ஜாதகம் இல்ல. ஓட்டப் பந்தயம்."

வெளிச்சம் அணைந்தது. கீரையை மறுபடி கையில் எடுத்தாள்.

"இதே தை மாசந்தான். முந்திரியெல்லாம் பூ எடுத்துகினு இருந்துச்சி. தோப்புல களை வெட்டிகினு இருக்கும்போதே வலி கண்டுடுச்சி."

"அது தெரியும்மா. எந்த வருஷம்?"

"உங்க சின்ன மாமனுக்கு ரெண்டாவது மைன்ஸ்ல காண்ட்ராக்ட் வேலை கெடச்சுதே... அதுக்கு மொத வருஷம். மொத சம்பளத்துல உனக்குக் கொலுசு வாங்கியாந்தான். நீ அப்ப தவந்துகினு இருந்த."

தொட்டியடியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "தவந்துகினா? நல்லாச் சொன்ன! நடந்துகினு இருந்தா. கொலுசு போட்ட அன்னிக்கே ஜல்லு ஜல்லுன்னு தெருவுக்குப் போயிட்டா."

"நீ பாத்தியா? நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து பகலெல்லாம் தூங்கிகினு இருந்த ஆளு நீ."

"தூங்க எங்க வுட்டா? அந்தக் கொலுசுச் சத்தந்தான தூங்கவுடாம பண்ணுச்சி! தவழற புள்ளைக்கு அவ்ளோ சத்தம் வருமா?"

"வரும். இவ தவந்தா வரும்."

கேட்டீர்களா? நான் தவழ்ந்தேனா, நடந்தேனா... இதில்தான் என் வாழ்க்கையின் ஒரு வருடம் நின்றுகொண்டிருக்கிறது! சின்ன மாமாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "கொலுசா? நானா வாங்கியாந்தேன்?" என்றார் அவர். அந்தக் கதவும் மூடியது.

"சரி, அப்ப சர்ட்டிபிகேட்ல இருக்கிற வயசு எப்படி வந்துச்சி?"

"அதுவா..." அம்மா என் கையைப் பார்த்தாள். "எல்லாம் இந்தக் கையால வந்தது."

என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பெரிய வாத்தியார் ஒரு சோதனை வைப்பார். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். விரல் காதை எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது. எட்டாவிட்டால் அடுத்த வருடம் வா. எட்டிய பிள்ளைகளுக்கு எல்லாம் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதி. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள். சாக்லேட் கொடுக்கத்தான் யாரிடமும் காசில்லை.

அம்மா என்னைச் சேர்க்கப் போனது படிப்புக்காக இல்லை. தோப்பில் வேலை வாங்குகிற மேஸ்திரி, "புள்ளைய இடுப்புல வச்சிகினு வந்தின்னா நாளையிலேர்ந்து வராத" என்று சொல்லிவிட்டார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் விட்டால் மதியம் சாப்பாடும் போடுவார்கள். பக்கத்து வீட்டுக் கலாவை அவள் அம்மா சேர்க்கக் கூட்டிப் போனாள். அவர்கள் பின்னாலேயே அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கலா என்னைவிடப் பெரியவள். என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவள். அவளுக்குக் கை எட்டவில்லை.

"நீ எட்டுனது மட்டும் இல்லடி," அம்மா சொன்னாள். "காதப் புடிச்சி இழுத்துகினு நின்ன. பெரிய வாத்தியாரே சிரிச்சிட்டாரு. எழுது, அஞ்சு வயசுன்னுட்டாரு."

"எனக்கு அப்ப என்ன வயசும்மா இருக்கும்?"

"மூணு இருக்கும். இல்லன்னா மூணரை..."

"நாலு," என்றார் அப்பா.

"கொரங்குக் கையி மாதிரி அவ்ளோ நீளம். அதான் எட்டிடுச்சி," என்று சேர்த்துக்கொண்டார்.

"யாரு ஜாடை அது? உன் ஜாடைதான!"

கலா அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பி, அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்னக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். சர்ட்டிபிகேட்படி அவள் என் தங்கை!

யோசித்துப் பாருங்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய் விட்டது என் கையின் நீளம். என்னை ஓட வைத்ததும் அதே நீளம்தான். கையும் காலும் ஒரே உடம்பில்தானே வளர்கின்றன? ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு என்று மாஸ்டர் முதல் நாள் எதைப் பார்த்துச் சொன்னாரோ, அதுவேதான் என்னைக் காகிதத்தில் கிழவியாக்கி வைத்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் மைதானம் மறுபடி சிரிக்கும்.

"இந்த வயசுல ஓடி என்னாடி ஆவப்போவுது?" அம்மா கேட்டாள்.

"எந்த வயசுலம்மா? அதைத்தான தேடிக்கிட்டிருக்கேன்!"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஏம்மா, நீ ஓடினதே இல்லயா?"

"நானா?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஓடாமயா? கல்யாணத்துக்கு முன்னாடி நாங்கல்லாம் செட்டு சேந்துகினு உதுந்த முந்திரிக்கொட்ட பொறுக்கப் போவோம். காவக்காரு கொம்பத் தூக்கிகினு வருவாரு. அப்ப ஓடணும் பாரு ஒரு ஓட்டம்... முந்திரி மரம் தெரியுமில்ல, கெளையெல்லாம் தரையோட கெடக்கும். நிமுந்து ஓட முடியாது. குனிஞ்சிகினே, பூந்து பூந்து ஓடணும். மடியில கொட்ட வேற கனக்கும். எங்க செட்டுல அத்தினி பேரும் ஒருநாள் இல்லன்னா ஒருநாள் மாட்டி அடி வாங்கியிருக்காளுங்க. நான் மட்டும் மாட்டுனதே கெடையாது."

அம்மாவை இப்படி நான் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்து, இல்லாத கிளைகளுக்கு அடியில் அவள் தோள்கள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அந்தக் காவக்காரு யாரு தெரியுமா பாப்பா? எங்க பெரியப்பன். அவருக்கு அப்பவே அறுவது வயசு. கொம்பு வச்சிருந்தது ஊனிக்கறதுக்கு... தொரத்தறதுக்கு இல்ல."

"அவரு மெதுவா வந்தா அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?" அம்மா சீறினாள். "நான் வேகமாத்தான ஓடினேன்!"

அம்மா சொன்னதில் என்ன தப்பு? துரத்துகிறவருக்கு அறுபது வயது என்பதால் ஓடுகிறவளின் வேகம் குறைந்துவிடுமா?

அன்றைக்கு மொட்டைமாடிக் கம்பியில் துணி எடுக்கப் போனவள் துணியை மறந்துவிட்டு நின்றேன். இருட்டிக்கொண்டு வந்தது. தெற்கே சுரங்கத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அது ஒரு பெரிய ஊர் போலத் தெரியும். காற்றில் முந்திரிப் பூவின் வாசனை இருந்தது. அந்தக் கிளைகளுக்கு அடியில் மடி நிறையக் கொட்டையோடு ஒரு பெண் குனிந்து ஓடிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதா, பதினேழா? யாருக்கும் தெரியாது. அவள் வாழ்க்கையில் மிக வேகமான அந்த நாலைந்து எட்டு, ஏதோ ஒரு மரத்தடியில் நடந்து முடிந்திருக்கிறது. ஸ்டாப் வாட்ச் இல்லை. விசில் இல்லை. பார்த்த ஒரே சாட்சி, கொம்பை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கியபடி பின்னால் வந்த ஒரு கிழவர்.

எனக்கு ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. அதைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறார். பிறகு எதற்கு வயதைக் கேட்டு அலைகிறேன்?

மறுநாள் காலை மாஸ்டரிடம் நேராகப் போனேன்.

"சார், வயசை விடுங்க. எங்க ரெண்டு பேரையும் ஓட வுட்டுப் பாருங்க. யார் முன்னால வராங்களோ அவங்களைப் போடுங்க."

மாஸ்டர் மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரம்யாவைப் பார்த்தார். அவள்தானே இதற்குச் சம்மதிக்க வேண்டும்? இடம் அவளுக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டதே!

"எனக்கு ஓகே சார்," என்றாள் ரம்யா. "ஓடாம டீம்ல வந்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கும்."

நல்ல பெண். அவளை வெறுக்கலாம் என்று எனக்கிருந்த ஒரே வசதியும் போயிற்று.

"அப்ப ஞாயித்துக்கெழமை வச்சிக்கிடுவோம். எரநூறு மீட்டர். எனக்கு வளைவுல ஓடத் தெரிஞ்ச ஆளு வேணும்," என்றார் மாஸ்டர்.

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடந்ததாக நினைவில்லை. வகுப்பில் ஒரு பையன் முக்கோணத்தின் பரப்பளவு கேட்டான். நான் வட்டத்தினுடையதைச் சொன்னேன். மெயின் பஜாரில் காய் வாங்கும்போது, மூச்சு வாங்கிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுகிற ஆட்களைப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடை ஆட ஆட ஓடினார்கள். இவர்களில் எவருக்காவது இதுதான் அந்த நாளோ? இந்த ஓட்டம்தான் அவருடைய உச்சமோ? பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரியாமலே வேலைக்குப் போகிறாரோ? எல்லோரையும் நிறுத்திக் கைகுலுக்க வேண்டும்போல இருந்தது.

எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது. அம்மா சொல்வது சரியாக இருந்தால் இந்தத் தையோடு எனக்கு இருபத்தைந்து முடிகிறது. அப்பா சொல்வது சரி என்றால் இருபத்தாறு. இரண்டில் எதுவானாலும், மாஸ்டர் சொன்ன உச்சத்தின்மேல்தான் நான் இப்போது நின்றுகொண்டிருக்கிறேன். இந்த ஞாயிறுதான் அந்த நாளாக இருக்க வேண்டும். இருந்துவிட்டால்... பனியன் எனக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பனி இன்னும் விலகவில்லை. மைதானத்தின் மறுகோடி தெரியவில்லை. சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் ஈரத்தில் பளிச்சென்று கிடந்தன. ரம்யாவுக்கு உள் லேன். எனக்கு வெளி லேன். வெளி லேனில் ஓடுகிறவள் முன்னால் தள்ளி நிற்பாள். ஆகவே வளைவு முடியும்வரை அடுத்தவள் எங்கே வருகிறாள் என்று தெரியாது. காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

விசில்.

முதல் எட்டுகளில் எனக்கு எதுவும் நினைவில்லை. பனி முகத்தில் அடித்தது. வளைவில் உடம்பு தானாக உள்பக்கம் சாய்ந்தது. பின்னால் சரக் சரக்கென்று ஒரு சத்தம் நெருங்கியது. பக்கத்தில் வந்தது. பிறகு முன்னால் போனது.

வளைவிலிருந்து வெளியே வந்தபோது ரம்யா எனக்கு இரண்டு எட்டு முன்னால் இருந்தாள். அவளுடைய பின்னல் துள்ளித் துள்ளி ஆடியது. எவ்வளவு அழகாக ஓடுகிறாள் என்று நினைத்தேன். போட்டியின் நடுவில் இப்படி நினைப்பவள் உருப்படுவாளா?

ஆனால், நேர்ப் பாதையின் பாதியில் அந்தப் பின்னல் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு எட்டு ஒன்றரை ஆயிற்று. ஒன்றாயிற்று. அவளுடைய மூச்சு கேட்டது. என்னுடையது கேட்கவில்லை. ஒரு தோள் அளவு இடைவெளி... அதற்குள் கோடு வந்துவிட்டது.

ரம்யா ஜெயித்துவிட்டாள்.

அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் வாட்ச்சை அழுத்தினார். நானும் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

தோற்ற முகத்தைக் காட்டப் பிடிக்காமல் ஓடினேனா? முதல் நாலைந்து எட்டு வேண்டுமானால் அப்படி இருக்கலாம். எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், அதற்குப் பிறகு அது இல்லை. கால்களுக்கு இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. அடுத்த வளைவு வந்தது. சாய்ந்தேன். பின்னால் மாஸ்டர் கத்துவது, வேறு ஊரிலிருந்து யாரோ கத்துவதுபோலக் கேட்டது.

"ஏம்மா! முடிஞ்சிட்டு! நில்லும்மா!"

பனிக்குள் போனேன். இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைக் கோடு ஒன்று என்னை இழுத்துக்கொண்டு போனது. எங்கோ தூரத்தில் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் இரைந்தது... ராத்திரி பகல் நிற்காமல் ஓடுகிற சத்தம். வேலியோரம் ஷிப்ட் பஸ் ஒன்று மஞ்சள் வெளிச்சத்தோடு என்கூடவே கொஞ்ச தூரம் வந்து, பிறகு ரோட்டோடு திரும்பிப் போயிற்று. எனக்கு வயது இல்லை. பெயர் இல்லை. யாரும் துரத்தவில்லை, யாரையும் துரத்தவில்லை. அந்த மைதானத்தில் அப்படி ஒரு நிம்மதி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

முதலில் விசில் கேட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோதுதான் நின்றேன்.

மாஸ்டர் புல்வெளியைக் குறுக்கே கடந்து நடந்து வந்தார். "கோவமாம்மா?"

"கோவம் இல்ல சார். ரம்யாதான் முன்னால வந்தா. அவளையே போடுங்க."

"பின்ன எதுக்கு ஓடுன?"

"கால் நிக்கல சார்."

ரம்யா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். "அக்கா, கடைசில நீங்க பின்னால வர்ற சத்தம் கேட்டு நான் பயந்தே போயிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் இருந்திருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்!"

இன்னும் கொஞ்ச தூரம்...

வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அந்தப் பனியன் எனக்கில்லை. என் உள்ளங்கையில் யாரும் கட்டையை வைக்கப்போவதில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அங்கேயே நின்று மொபைலை எடுத்து மறுபடி தேடினேன். இந்த முறை கேள்வியை மாற்றினேன். நூறு, இருநூறு என்று கேட்காமல் தூரத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன்.

தூரம் கூடக்கூட உச்சமும் தள்ளித் தள்ளிப் போகிறதாம். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு முப்பதுக்குப் பிறகுகூட வருகிறதாம்.

இவ்வளவு நாளும் நான் வயதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். தவழ்ந்தேனா நடந்தேனா என்று அம்மாவையும் அப்பாவையும் சண்டை போட விட்டேன். வயதை என்னால் திருத்த முடியாது. ஆனால், எவ்வளவு தூரம் ஓடுவது என்பதை நான்தானே முடிவு செய்ய வேண்டும்? பெண்களை ஒரு வயதுக்கு மேல் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்கிறவர்கள் எல்லோரும், எவ்வளவு தூரத்துக்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நாமும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை காலை மாஸ்டரிடம் போய், "ஓப்பன் மீட்ல நானூறு மீட்டருக்கு என் பேரைக் குடுங்க சார்" என்றேன். மைதானத்தை ஒரு முழுச் சுற்று, ஞாயிறன்று கால் நிற்காமல் ஓடிய அதே தூரம். யோசனை கேட்கவில்லை. தகவல் சொன்னேன்.

"நானூறா? அது ஆளையே கொன்னுரும்மா. அதுக்கும் ஒரு வயசு..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தை விழுங்கிவிட்டு, பெயரை எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே ஓடிப் பார்த்தேன். முதல் வளைவிலிருந்தே முழு வேகம். கனவெல்லாம் முந்நூறு மீட்டரோடு முடிந்துபோயிற்று. அதற்கு மேல் தொடை மரக்கட்டை. தொண்டையில் இரும்பு ருசி. கோட்டைத் தாண்டியதும் வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன்.

இன்று காலையும் ஓடினேன். வாந்தி வரவில்லை.